வீட்டுக்கு ரேடியோ பேஸ் ஸ்டேஷன்: லைசென்ஸ் இல்லாததா, ஜி.எம்.ஆர்.எஸ்-ஆ?

கேட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கேன். 2024 ஜூலை 8 பெரில் புயல் அன்னைக்கு எங்க தெருவுல கரண்ட் போச்சு, அஞ்சு நாள் வரலை. அதைக்கூடச் சமாளிச்சிட்டோம். ஆனா முதல் நாள் மத்தியானத்துக்கு மேல செல்போன் செத்துப்போச்சு. சுகர்லேண்டுல அண்ணன் வீடு. பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கதான் இருக்காங்க. பெரியப்பாவுக்கு ராத்திரியில ஆக்சிஜன் மெஷின் ஓடணும். ஜெனரேட்டர் ஓடுதா, நின்னுடுச்சான்னு தெரியாம அந்த ராத்திரி முழுக்க நான் தூங்கலை. விடிஞ்சதும் மரம் விழுந்த ரோட்டுல சுத்திச் சுத்திப் போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார். இன்னொரு தடவை அப்படி ஒரு ராத்திரி வேண்டாம்.

என்கிட்ட கடையில வாங்கின ஒரு ஜோடி வாக்கி-டாக்கி இருக்கு. அட்டையில 35 மைல்னு போட்டிருக்கு. எங்க குடியிருப்பு நுழைவாயில் தாண்டினா இரைச்சல்தான். வீட்டுல நிரந்தரமா வைக்க ஒரு பேஸ் ஸ்டேஷன் வேணும். அமெரிக்காவுல பொதுமக்கள் பேசுறதுக்குன்னு எஃப்.ஆர்.எஸ், மர்ஸ், சி.பி, ஜி.எம்.ஆர்.எஸ்னு நாலு ரேடியோ சேவை இருக்குன்னு படிச்சுக் குழம்பிட்டேன். மாடி வீடு, எச்.ஓ.ஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உண்டு. 500 டாலர் வரைக்கும் செலவழிக்கலாம். எந்த ரேடியோ வாங்கட்டும்?

அலைமேடை:

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு வரிதான் முக்கியம்: கேட்டியிலிருந்து சுகர்லேண்டுக்குப் பேச வேண்டும். வரைபடத்தில் அளந்து பார்த்தேன், நேர்கோட்டில் சுமார் 16 மைல். எந்த ரேடியோ என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் இந்த 16 மைலைக் கடக்க என்ன வழி என்று பார்ப்போம்.

இந்த அலைவரிசைகளில் ரேடியோ அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம்தான் போகும். அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனா உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.41 ஆல் பெருக்கினால் மைல் கிடைக்கும். உங்கள் கூரைமேல் 30 அடியில் ஆன்டெனா வைத்தால் 7.7 மைல். அண்ணன் வீட்டிலும் 30 அடி என்றால் இன்னொரு 7.7. இரண்டும் சேர்ந்து 15.4. அதுவும் நடுவில் மரமும் வீடும் இல்லாத வழவழப்பான தரைக்கு. கையில் பிடித்த ரேடியோ 5 அடி உயரத்தில் இருக்கிறது, அதன் பங்கு 3 மைல் சொச்சம்தான். அட்டையில் உள்ள 35 மைல் என்பது மலை உச்சியில் ஒருவரும் பள்ளத்தாக்கில் ஒருவரும் நின்று பேசினால் வரக்கூடியது. ஹூஸ்டன் தட்டையான ஊர், ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

எஃப்.ஆர்.எஸ்: லைசென்ஸ் வேண்டாம். 22 சேனல். 8 முதல் 14 வரை அரை வாட், மற்றவற்றில் 2 வாட். ஆன்டெனாவைக் கழற்றக் கூடாது என்பது விதி. கழற்ற முடியாத ஆன்டெனாவைக் கூரைக்குக் கொண்டுபோக வழியில்லை, ஆகவே இது பேஸ் ஸ்டேஷன் ஆகாது.

மர்ஸ்: இதற்கும் லைசென்ஸ் வேண்டாம். 151, 154 மெகாஹெர்ட்ஸில் ஐந்து சேனல், 2 வாட். ஆனால் வெளி ஆன்டெனா வைக்கலாம். தரையிலிருந்து 60 அடி வரை, அல்லது கட்டடத்தின் உச்சிக்கு மேல் 20 அடி வரை. பலருக்கு இது தெரியாது. லைசென்ஸ் இல்லாத பேஸ் ஸ்டேஷன் வேண்டுமென்றால் என் முதல் தேர்வு இதுதான். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) கிடையாது என்பதால் உங்கள் 16 மைலுக்குப் போதாது.

ஜி.எம்.ஆர்.எஸ்: லைசென்ஸ் வேண்டும். 15 முதல் 22 வரை உள்ள சேனல்களில் பேஸ் ஸ்டேஷனுக்கு 50 வாட் வரை. வெளி ஆன்டெனா வைக்கலாம், ரிப்பீட்டரும் பயன்படுத்தலாம். பரீட்சை இல்லை. 35 டாலர், பத்து வருடம். உங்களுக்கு இதுதான் சரி. அதிலும் உயரமான கோபுரத்தில் இருக்கும் ஒரு ரிப்பீட்டர் வழியாக.

சி.பி பற்றி நம்ம நெடுஞ்சாலை சொல்வார்.

நெடுஞ்சாலை:

கூப்பிட்டதும் வந்துட்டேன். ஒன்பது வருஷமா டிரக் ஓட்டுறேன். சி.பி எனக்குக் கை மாதிரி. 40 சேனல், லைசென்ஸ் வேண்டாம். ஏ.எம் முறையில 4 வாட், எஸ்.எஸ்.பி-ங்கிற இன்னொரு முறையில 12 வாட். 2021-ல இருந்து எஃப்.எம்-க்கும் அனுமதி கொடுத்துட்டாங்க. ரோட்டுல முன்னாடி என்ன நடக்குதுன்னு சேனல் 19-ல காது வெச்சாப் போதும்.

ஆனா வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். 27 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலை 11 மீட்டர் நீளம். கால் அலை ஆன்டெனாவே 9 அடி, அரை அலைன்னா 18 அடி. எச்.ஓ.ஏ உள்ள வீட்டுல அதை எங்க ஒளிப்பீங்க? அடுத்தது, சூரியன்ல கரும்புள்ளி ஜாஸ்தியா இருக்கிற வருஷங்கள்ல ஆயிரம் மைல் தள்ளிப் பேசுறவன் குரல் வானத்துல பட்டுத் திரும்பி உங்க தலையில விழும். பக்கத்து ஊர்ல உங்க அண்ணன் பேசுறது அதுக்கு அடியில அமுங்கிடும். அவசரத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது.

மழைத்துளி:

மர்ஸ் பற்றிச் சொல்ல நான் இருக்கிறேன். ஆஸ்டினுக்கு மேற்கே எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலம். சரிவும் ஜூனிப்பர் மரமுமாக இருக்கும். வீட்டுக் கூரையில் மர்ஸ் ஆன்டெனா, சமையலறையில் ரேடியோ, வெளியே போகிறவர்கள் கையில் ஒன்று. நிலத்தின் எந்த மூலையிலிருந்தும் என் பெண் கூப்பிட்டால் கேட்கிறது. கூப்பிட்டு நான் பதில் சொல்லாத நாள் இதுவரை இல்லை. லைசென்ஸும், அதோடு வரும் அடையாளக் குறியான கால் சைனும் தேவையில்லாததால் வீட்டுக்கு வரும் உறவினர் கையிலும் தயங்காமல் கொடுக்கலாம். ஒரு பண்ணைக்கோ ஒரு குடியிருப்புக்கோ இது போதும். கேட்டிக்காரன் அண்ணா, உங்கள் தேவை வேறு என்று புரிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேட்டிக்காரன்:

ரொம்ப நன்றி. அப்ப ஜி.எம்.ஆர்.எஸ். லைசென்ஸ் நான் ஒருத்தன் எடுத்தா குடும்பத்துக்கே போதும்னு படிச்சேன். அண்ணன் பேசலாம் இல்லையா?

அலைமேடை:

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி. அண்ணன் வீட்டில் பெரியப்பா இருக்கிறார் என்றீர்கள். அப்படியானால் அண்ணன் உங்கள் பெரியப்பா மகனா, கூடப்பிறந்தவரா? நமக்கு இருவரும் அண்ணன்தான். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி-யின் விதிக்கு அப்படி இல்லை.

லைசென்ஸ் வைத்திருப்பவரின் நிலையத்தை யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்று விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், திருமண வழி உறவினர். மாற்றாந்தாய் வழி உறவும் உண்டு. பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை எல்லாரும் வந்துவிடுகிறார்கள். பெரியப்பா மகன், மாமா மகள் அந்தப் பட்டியலில் இல்லை.

கேட்டிக்காரன்:

பெரியப்பா மகன்தான் சார். இதை யோசிக்கவே இல்லை. அப்ப என் லைசென்ஸ்ல பெரியப்பா பேசலாம், அண்ணன் பேசக் கூடாதா?

தாமிரக்கம்பி:

அதேதான். தலைகீழாகப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான வழி ஒன்று தெரியும். பெரியப்பா பெயரில் லைசென்ஸ் எடுத்தால் அவர் மகன் பேசலாம், தம்பி மகனான நீங்களும் பேசலாம். ஆனால் உங்கள் பிள்ளைகள் பெரியப்பாவுக்குத் தம்பியின் பேரப்பிள்ளைகள், அவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நீங்கள் ஒன்று, அண்ணன் ஒன்று எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு மூன்றரை டாலர். 18 வயது ஆகியிருந்தால் போதும், குடியுரிமை கேட்கமாட்டார்கள். எஃப்.சி.சி தளத்தில் முதலில் எஃப்.ஆர்.என் என்ற பதிவு எண் வாங்கி, பிறகு அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை இது 70 டாலராக இருந்தது, பழைய பக்கங்களில் அந்தத் தொகையைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 500 டாலரை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் முக்கால்வாசிப் பணத்தை 50 வாட் ரேடியோவில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த மெல்லிய கேபிளை மாட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 462 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி-58 கேபிள் 100 அடிக்குச் சுமார் 10 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) தின்றுவிடும். தடித்த எல்.எம்.ஆர்-400 கேபிள் அதே தூரத்துக்கு 2.7 டெசிபல். உங்கள் வீட்டுக்கு 50 அடி என்று வைத்துக்கொள்வோம். 50 வாட்டை உள்ளே விட்டால் ஆர்.ஜி-58 மறுமுனையில் 16 வாட் கொடுக்கும், எல்.எம்.ஆர்-400 சுமார் 37 வாட் கொடுக்கும். இதைவிடக் கொடுமை, வருகிற சிக்னலும் அதே விகிதத்தில் தேய்கிறது. பேசும்போது வாட்டைக் கூட்டலாம். கேட்கும்போது தேய்ந்ததை எந்த ரேடியோவும் மீட்டுத் தராது.

வாட் விஷயத்தில் இன்னொன்று. 15 வாட்டை 50 ஆக்கினால் 5 டெசிபல்தான் கூடுகிறது. ரேடியோவின் சிக்னல் அளவுகோலில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஒரு படிகூட முழுசாக ஏறாது. ஆன்டெனாவை அட்டிக்கிலிருந்து (கூரைக்கு அடியில் உள்ள பரண்) கூரைக்கு மேலே ஏற்றினால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

கேட்டிக்காரன்:

எச்.ஓ.ஏ-க்குப் பயந்து அட்டிக்லயே வைக்கலாம்னு நினைச்சிருந்தேன்.

தாமிரக்கம்பி:

அட்டிக்கில் ஏறி, கூரைப் பலகையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா? டெக்ஸாஸில் புதிய வீடுகள் பலவற்றில் வெப்பத்தைத் தடுக்க அதை ஒட்டியிருப்பார்கள். வெப்பத்தை நிறுத்துகிற மாதிரியே ரேடியோ அலையையும் அது நிறுத்தும். வெறும் மரப் பலகையும் தார் ஓடும் மட்டும் என்றால் அட்டிக் ஆன்டெனா ஓரளவு வேலை செய்யும்.

கேட்டிக்காரன்:

ஏறிப் பார்த்தேன். பளபளன்னு இருக்கு.

அலைமேடை:

அப்படியானால் வெளியேதான். மனம் தளராதீர்கள். 462 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 65 சென்டிமீட்டர், கால் அலை 16 சென்டிமீட்டர். நல்ல ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா ஒன்று மூன்று நான்கு அடிதான் இருக்கும். ஒல்லியாக, வெள்ளையாக, தூரத்திலிருந்து பார்த்தால் பிளம்பிங் காற்றுக்குழாய் மாதிரிதான் தெரியும்.

ஆனால் கேட்காமல் வைக்காதீர்கள். டிஷ் ஆன்டெனாவை எச்.ஓ.ஏ தடுக்க முடியாது என்று எஃப்.சி.சி விதி ஒன்று உண்டு, அதைக் காட்டி வாதாடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தொலைக்காட்சி, சாட்டிலைட், இணைய ஆன்டெனாக்களுக்கானது. ஜி.எம்.ஆர்.எஸ், சி.பி, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனாக்களுக்குப் பொருந்தாது. தெருவிலிருந்து தெரியாத பின்பக்கக் கூரையைப் படம் எடுத்து, ஆன்டெனாவின் அளவைக் குறித்து, புயல் நேரத்தில் நோயாளியான பெரியவரின் நலம் அறிய என்று எழுதிக் கொடுங்கள். என் வட்டாரத்தில் அப்படி எழுதியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தாமிரக்கம்பி:

இடி விஷயத்தை மறக்கக் கூடாது. ஆன்டெனா கம்பத்திலிருந்து குறைந்தது 10 கேஜ் செம்புக் கம்பியில் தரையிணைப்பு. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான். தனியாக ஒரு தரைக்கம்பி அடித்தால் அதை வீட்டு மின்சாரத்தின் தரைக்கம்பியோடு 6 கேஜ் செம்புக் கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு கம்பிக்கும் நடுவே வரும் மின்னழுத்த வேறுபாடு உங்கள் ரேடியோ வழியாகத்தான் ஓடும். நேராக விழும் இடியை இதெல்லாம் தாங்காது. இடி முழங்கும் நேரத்தில் கேபிளைக் கழற்றி வைப்பதுதான் நான் செய்வது. எலெக்ட்ரீஷியன் உதவி தேவைப்பட்டால் இந்த ஒரு இடத்தில் தயங்காமல் செலவு செய்யுங்கள்.

பஃபலோ_பனி:

இடையில் ஒரு சிறு குறிப்பு, கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மவர்களுக்காக. லைன் ஏ என்ற கோட்டுக்கு வடக்கே இருந்தால் ஜி.எம்.ஆர்.எஸ் சேனல் 19, 21 இரண்டிலும், அவற்றின் ரிப்பீட்டர் ஜோடிகளிலும் ஒலிபரப்பக் கூடாது. பஃபலோ, டெட்ராய்ட், சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் சேனல் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேட்டிக்காரன்:

சரி, இப்பவாவது ரேடியோ பத்திச் சொல்லுங்க.

அலைமேடை:

சொல்கிறேன். காருக்கென்று விற்கும் ரேடியோவைத்தான் வீட்டிலும் வைப்பார்கள், தனியாக பேஸ் என்று தேட வேண்டாம். பார்க்க வேண்டியது நான்கு.

ஒன்று, எஃப்.சி.சி-யின் ஜி.எம்.ஆர்.எஸ்-க்கான பார்ட் 95இ சான்றிதழ். ஹாம் ரேடியோவின் அலைவரிசைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு இந்த அலைவரிசையில் பேசுவது விதிமீறல். இரண்டு, ரிப்பீட்டர் சேனல்களும் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலிக்குறி) அமைப்பும். ரிப்பீட்டர் 462-இல் பேசும், 5 மெகாஹெர்ட்ஸ் மேலே 467-இல் கேட்கும். சரியான டோன் இல்லாமல் அது திறக்காது. டோனை ரகசியக் குறியீடு என்று விற்கிறார்கள், அப்படி இல்லை. நீங்கள் பேசுவது அந்தச் சேனலில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். மூன்று, அகலக்கற்றை. எஃப்.ஆர்.எஸ் 12.5 கிலோஹெர்ட்ஸ், ஜி.எம்.ஆர்.எஸ் முக்கியச் சேனல்களில் 20 வரை. ரிப்பீட்டர் அகலமாகவும் உங்கள் ரேடியோ குறுகலாகவும் இருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நான்கு, மின்விசிறி. வீட்டில் நீளமாகப் பேசுவோம், சூடாகும்.

வூக்சன் கே.ஜி-1000ஜி, பி-டெக் 50எக்ஸ்1 இரண்டும் 50 வாட். மிட்லண்ட் எம்.எக்ஸ்.டி-275 என்பது 15 வாட், பொத்தான்கள் எல்லாம் மைக்கிலேயே இருக்கும், பெரியவர்களுக்குப் பழக எளிது. உங்களிடம் 500 டாலர்தான் என்றால் 15 வாட் ரேடியோவை வாங்கி, மிச்சத்தை ஆன்டெனாவுக்கும் எல்.எம்.ஆர்-400-க்கும் கொடுங்கள். ரிப்பீட்டரை எட்ட அது போதும்.

விதியில் இன்னொரு நுணுக்கம். இரண்டு வீடுகள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் நிலையங்களாக இருந்தால் அவை நிலையான நிலையங்கள், உச்சவரம்பு 15 வாட். காரோடும் கையடக்க ரேடியோவோடும் பேசும் பேஸுக்குத்தான் 50.

தாமிரக்கம்பி:

13.8 வோல்ட் மின்வழங்கியும் வேண்டும். 50 வாட் ரேடியோ பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். மலிவான ஸ்விட்சிங் வகை சில சமயம் தானே இரைச்சலைக் கிளப்பும்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது பேட்டரி. கரண்ட் போனால்தானே இந்த ரேடியோவுக்கு வேலை! 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர், நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசுகிறீர்கள் என்று வைத்தால் சராசரி ஒரு ஆம்பியர். இருபது மணி நேரம் ஓடும். ஒரு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் போடுவது என்று அண்ணனோடு பேசி வைத்துக்கொண்டால் பல நாள் வரும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

மழைத்துளி:

ரிப்பீட்டர் வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்கும்போதே, கரண்ட் போனால் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் கேட்டுவிடுங்கள் அண்ணா. மைஜிஎம்ஆர்எஸ் தளத்தில் பட்டியல் இருக்கும். புயலன்று அது ஓயவும் கூடும். அதற்கு ஒரு மாற்றுச் சேனலை இப்போதே முடிவு செய்து, பெரியம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து, தாளில் எழுதி ரேடியோ மேலேயே ஒட்டிவிடுங்கள். ஆபத்து நேரத்தில் மெனுவைத் தேட முடியாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

கேட்டிக்காரன்:

ஏழு வாரம் கழிச்சு வந்திருக்கேன். நடந்ததைச் சொல்லணும்.

நானும் அண்ணனும் ஆளுக்கொரு லைசென்ஸ் எடுத்தோம். எச்.ஓ.ஏ-க்கு அலைமேடை சார் சொன்ன மாதிரியே எழுதினேன். ஒருமுறை திருப்பி அனுப்பினாங்க, கம்பத்தோட உயரம் கேட்டு. எழுதிக் கொடுத்ததும் ஒத்துக்கிட்டாங்க. பின்பக்கக் கூரையில நாலடி ஆன்டெனா, உச்சி 31 அடி. எல்.எம்.ஆர்-400 கேபிள் 45 அடி. 15 வாட் ரேடியோ. தரையிணைப்பை எலெக்ட்ரீஷியன் வெச்சுச் செஞ்சேன், அதனால 500 டாலர் தாண்டிடுச்சு, வருத்தமில்லை. அண்ணன் வீட்டுலயும் அதே அமைப்பு.

ரிப்பீட்டர் வழியா அண்ணன் பக்கத்து அறையில இருந்து பேசுற மாதிரி இருக்கு. அதோட உரிமையாளர் பேட்டரி வெச்சிருக்கார், அனுமதியும் டோனும் அன்னைக்கே கொடுத்தார். நேரடியா சேனல் 18-ல முயற்சி பண்ணினோம். பகல்ல இரைச்சலுக்கு நடுவுல பாதி வார்த்தைதான். ஆனா விடியற்காலை அஞ்சரை மணிக்கு ஒருநாள் சுத்தமா வந்துச்சு, பத்து நிமிஷம் பேசினோம். அது எப்படி?

அலைமேடை:

மனம் நிறைந்தது தம்பி. விடியற்காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு அலையைக் கீழ்நோக்கி வளைத்து அடிவானத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். வளைகுடாக் கரையில் இது அடிக்கடி நடக்கும். சந்தோஷப்படலாம், ஆனால் புயல் நாளுக்கு அதை நம்ப வேண்டாம். ரிப்பீட்டர் போனால் நேரடிக்கு என்ன செய்வது என்றால், இரண்டு வீட்டிலும் ஒருவரையொருவர் பார்க்கும்படி, சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் சிறிய யாகி ஆன்டெனா. ஒரு முனைக்குச் சில டெசிபல் கூடும். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டிக்காரன்:

யாகிக்குத் திரும்ப எச்.ஓ.ஏ-வுக்கு எழுதணும், எழுதறேன். கடைசியா ஒண்ணு. பெரியப்பா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியோல வர்றார், தமிழ்லதான் பேசுவார். அது சரிதானே? கால் சைனையும் தமிழ்ல சொல்லலாமா?

தாமிரக்கம்பி:

பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம். கால் சைன் மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அல்லது மோர்ஸில். பேசி முடிக்கும்போது ஒருமுறை, நீளமாகப் பேசினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. பெரியப்பா உங்கள் லைசென்ஸில் பேசினால் உங்கள் கால் சைன், அவர் மகனுடையதில் பேசினால் அவருடையது.

கேட்டிக்காரன்:

அண்ணனோட கால் சைனைப் பெரிய எழுத்துல எழுதி மைக் பக்கத்துல ஒட்டியாச்சு. நேத்து ராத்திரி பெரியப்பா அதை ஒவ்வொரு எழுத்தா நிறுத்திச் சொல்லிட்டு, "ஆக்சிஜன் ஓடுது, நீ போய்த் தூங்கு"ன்னார்.